இல்லாத இருபத்தைந்து பேரின் இடமாற்றம்

இருக்கிற மூன்று பேரை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்ற ஒரு சின்ன லாரி போதும். இல்லாத இருபத்தைந்து பேரை மாற்றுவதுதான் பெரும்பாடு. இந்த விஷயம் பல்செட்காரருக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. பாவம், அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள அவருக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

பல்செட்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்துப் பின்கட்டு அறைக்கு அனுப்புவார். அங்கே உட்கார்ந்து, அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகு வைத்து, பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பவர் இவர். ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஆனால் தெருவில் பார்த்தால் ஒருத்தருக்கும் இவரைத் தெரியாது. இப்படி நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கிற மனிதருக்குச் சாயங்காலமானால் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா? இருந்தது. பேஸ்பால்.

உடனே மட்டையும் கையுமாக அவர் மைதானத்தில் நிற்பதாக நினைத்துவிட வேண்டாம். இது ஆன்லைன் லீக். பன்னிரண்டு உரிமையாளர்கள், பன்னிரண்டு அணிகள், அணிக்கு இருபத்தைந்து ஆட்டக்காரர்கள். அணியில் இருக்கிற ஒருத்தனும் தாய் வயிற்றில் பிறந்ததில்லை, எல்லாம் கம்ப்யூட்டர் பெற்றுப்போட்டது. பந்து எறியும் வேகம், அடிக்கும் பலம், முன்கோபம் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொருவனுக்கும் இருபதுக்கு இத்தனை என்று மார்க் உண்டு. யார் எறிவது, யார் உட்காருவது என்று உரிமையாளர் முன்கூட்டியே சொல்லிவைப்பார். சாயங்காலம் கம்ப்யூட்டர் தானே ஆடி, தானே ஜெயித்து, தானே தோற்று, ஸ்கோரை அனுப்பிவிடும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது நிஜமான பேஸ்பாலைக் கையால் தொட்டதுண்டா என்று யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்பது அங்கே அநாகரிகம்.

அணிகளுக்கு ஊரும் உண்டு. உரிமையாளர் நிஜத்தில் குடியிருக்கிற ஊருக்கு ஓர் எண் கொடுத்து, அதே எண்ணில் ஓர் ஊரைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிவைத்திருந்தார்கள். இவருடையது ஏழாம் ஊர். கம்ப்யூட்டருக்குள் அங்கே மழை ஜாஸ்தி. பாதி ஆட்டம் நனைந்தே ரத்தாகும்.

அந்த அணியில் ஓர் எறிபந்துக்காரன் இருந்தான். இடது கைக்காரன், நெட்டையன். பதினேழு வயதில் யாரும் சீந்தாமல் கிடந்தவனை இவர்தான் எடுத்து, ஒன்பது வருஷம் பொறுமையாக வளர்த்தார். அவன் படத்தைப் பார்த்துவிட்டு மகள்தான் 'ஒட்டகம்' என்று பேர் வைத்தாள். காலையில் பல் தேய்த்த வாயோடு வந்து, "அப்பா, ஒட்டகம் ஜெயிச்சுதா?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இதையெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று பல்செட்காரர் சொல்லிக்கொள்வார். அதை அவரே நம்பவும் செய்தார்.

இந்த நேரத்தில்தான் அவர் மனைவிக்கு வேறோர் ஊரில், லீக் கணக்கில் பதினோராம் ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில், தலைமை நர்ஸ் வேலை கிடைத்தது. இவருக்கும் அங்கேயே ஒரு பல் லேபில் இடம் சொல்லியாகிவிட்டது. வீடு பார்த்தாகிவிட்டது, பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று பெருமூச்சு விட்டபோதுதான் இவருக்கு லீக்கின் பதினான்காம் விதி ஞாபகம் வந்தது. அணியும் உரிமையாளரும் ஒரே ஊரில் இருக்க வேண்டும். அணிக்கு இடமாற்ற அனுமதி கிடைக்கும்வரை உரிமையாளர் ஊரைவிட்டுக் குடிபெயரக் கூடாது. ஒரு ராத்திரி வெளியூரில் தங்கினாலும் குடிபெயர்ந்ததாகத்தான் கணக்கு. பெயர்ந்தால் அணி கலைக்கப்படும், ஆட்டக்காரர்கள் அழிக்கப்படுவார்கள்.

"யாரை அழிப்பாங்க?" என்றாள் மனைவி, பாத்திரத்தைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டே.

"ஒட்டகத்தை."

"அது இப்போ எங்க இருக்கு?"

இவர் போனைக் காட்டினார்.

"ஏங்க, சுயநினைவு இல்லாதவங்களையே ஸ்ட்ரெச்சர்ல தூக்கிப் போட்டு அரை மணி நேரத்துல வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடறோம். போன்ல இருக்கறதை மாத்த என்னங்க கஷ்டம்? போனைத் தூக்கிட்டு வாங்க."

"அப்படி இல்லம்மா. அதுக்கு இடமாற்றக் குழுன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வந்துடறேன்."

மகளுக்கு அப்போது முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. லாரி கிளம்புகிற நேரத்தில் அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பல்லை நீதான் பிடுங்கணும். வேற யாரையும் தொட விடமாட்டேன்" என்றாள். "கண்டிப்பா. எங்கப்பா பொண்ணுக்கு வேற யாரு பிடுங்குவா?" என்று வாய் குழறித் தப்பாகச் சொல்லி, மூன்று பேரும் சிரித்தார்கள். லாரி போனது. வீட்டில் ஒரு பாய், ஒரு டம்ளர், ஒரு போன் சார்ஜர், பல்செட்காரர் ஆகிய நால்வர் மிஞ்சினார்கள்.

குழு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கேமராவில் கூடும். தலைவர், பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் மேஜைக்கு எதிரே எப்போதும் நாலு பேர் கவலையோடு நின்றிருப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் யாரும் அப்படி நிற்கவில்லை. அந்தக் குறையை லீக் தீர்த்துவைத்தது.

முதலில், அந்த வருஷம் வயதாகிப்போய்க் கம்ப்யூட்டர் ஓய்வு கொடுத்த ஆட்டக்காரர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். எழுந்து நின்றதால் திரை முழுக்கப் பன்னிரண்டு தொப்பைகள் மட்டும் தெரிந்தன. பிறகு பொருளாளர் அறிக்கை வாசித்தார். லீக்கில் பணம் என்று ஒரு பொருள் கிடையாது, ஆனாலும் பொருளாளர் இல்லாமல் ஒரு சங்கம் இருக்க முடியுமா? "வரவு இல்லை, செலவு இல்லை, இருப்பு இல்லை" என்றார். போன மாதத்து இல்லையும் இதில் சேர்ந்திருக்கிறதா என்று ஓர் உறுப்பினர் விளக்கம் கேட்டார். சேர்ந்திருக்கிறது என்றார் பொருளாளர். கைதட்டினார்கள்.

அதன்பின் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பல்லு சார், உங்க கோரிக்கையைப் பார்த்தேன். வருத்தமா இருந்தது. ஏழாம் ஊர்ல நாற்பதாயிரம் ரசிகருங்க இருக்காங்க. மழைல நனைஞ்சுக்கிட்டு உங்க அணியைப் பார்த்தவங்க. அவங்க முகத்துல எப்படி முழிப்பீங்க?"

பல்செட்காரர் அப்பாவியாகக் கேட்டார். "சார், அது கம்ப்யூட்டர் போடற நம்பர்தானே?"

அவ்வளவுதான். திரையே கொதித்துப் போனது. ஒருத்தர் கேமராவை அணைத்துவிட்டார், வெளிநடப்பாம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் ஒருத்தர் ரசிகர் நலச் செயலராக இருந்தார். அவர் குரல் தழுதழுக்க, "இருபது வருஷமா வண்டி கத்துக்குடுக்கறேன். மனுஷனை நம்பர்னு சொன்னவனை நான் பக்கத்து சீட்டுல உட்கார வெச்சதே இல்ல" என்றார்.

தலைவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். "இந்த லீக் மனிதாபிமானத்துல நடக்குது. பல்லு சார் ஏழாம் ஊர் மக்கள்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். ஆட்டம் நடக்கும்போது, ஸ்டேடியம் அறிவிப்புல. அதுக்கப்புறம்தான் மேல பேச்சு."

அறிவிப்பு என்றால், மென்பொருளில் ஒரு கட்டம். அதில் எதையாவது எழுதினால் ஸ்டேடியத்தில் ஒலித்ததாகக் கணக்கு. 'தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்' என்று எழுதினார். அன்றைக்கு மழை. ஆட்டம் ரத்து. ஆட்டம் ரத்தானால் கூட்டம் வரவில்லை, கூட்டம் வராவிட்டால் மன்னிப்பு யார் காதிலும் விழவில்லை, எனவே செல்லாது என்றார் தலைவர். மறுநாள் எழுதினார். மழை. அதற்கடுத்த நாளும் மழை. ஜன்னலுக்கு வெளியே நிஜ ஊரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, பல்செட்காரர் தினமும் சாயங்காலம் பாயில் உட்கார்ந்து, இல்லாத மழை விடாதா என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அது விடுவதற்குள் அவர் சொன்ன இரண்டு வாரம் கழிந்துவிட்டது.

"அப்பா, பல்லு ரொம்ப ஆடுது" என்றாள் மகள் போனில். "அந்தப் பக்கம் கடிக்கவே முடியல. எப்ப வருவே?"

"மழை விட்டதும் வந்துடறேன் கண்ணு."

"அங்க மழையா?"

ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தபடி, "லேசா" என்றார்.

அடுத்த கூட்டத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் குடைப் பிரச்சினையைக் கிளப்பினார். ஏழாம் ஊரில் மழை ஜாஸ்தி. மழை ஜாஸ்தியென்றால் ஸ்டேடியம் வாசலில் குடை விற்பவர்கள் இருப்பார்கள். அணி போய்விட்டால் அவர்கள் வயிற்றில் ஈரத்துணிதானே?

"மென்பொருள்ல குடைக்காரங்களே கிடையாதே சார்" என்றார் பல்செட்காரர், இந்த முறை பணிவாகத்தான்.

"மென்பொருள்ல இல்லாட்டி என்ன சார்? ஊர்னு ஒண்ணு இருந்தா, மழைனு ஒண்ணு பெஞ்சா, குடை விக்கறவன் இருக்கமாட்டானா? நீங்களே மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க."

இவர் மனசாட்சியைத் தொட்டுப் பார்த்தார். இருப்பான் போலத்தான் தோன்றியது. அங்கேதான் மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார். இருக்கமாட்டான் என்று ஒரே போடாகப் போட்டிருந்தால் அன்றைக்கே அவரை லீக்கைவிட்டுத் துரத்தியிருப்பார்கள், பிழைத்திருப்பார். இவரோ யோசித்து, "அவங்களைப் பதினோராம் ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, தொப்பி விக்க வெச்சா என்ன?" என்றார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு தலைவர் சொன்னார். "நல்ல மனசு. ஆனா அப்போ அவங்களுக்கும் இடமாற்ற அனுமதி வேணுமே."

குடைக்காரர்களுக்குத் துணைக்குழு அமைந்தது. எத்தனை குடைக்காரர்கள் என்று தெரியாமல் துணைக்குழுவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எத்தனை என்று தெரிய வேண்டுமானால் அவர்கள் இருக்க வேண்டும். இருக்கிறார்களா என்று முடிவு செய்ய இன்னொரு துணைக்குழு அமைந்தது. அதன் தலைவராகப் பல்செட்காரரையே போட்டார்கள். கூச்சமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது அவருக்கு. பின்கட்டு அறையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவரை யாரும் எதற்கும் தலைவராகப் போட்டதில்லை.

இந்தக் கூத்து ஓடிக்கொண்டிருக்கையில் மூன்றாவது மாதமும் பிறந்தது. இப்போது பயணப் பாதை பற்றிய விவாதம். ஏழாம் ஊருக்கும் பதினோராம் ஊருக்கும் நடுவில் வரைபடத்தில் ஓர் ஆறு இருந்தது. பாலம் வரையப்படவில்லை. ஆட்டக்காரர்களின் பஸ் ஆற்றைத் தாண்டுவது எப்படி? அவர்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? நீச்சலுக்கு மென்பொருளில் மார்க் இல்லையே? இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, மென்பொருளை எழுதிய ப்ரோக்ராமர் அம்மா மைக்கைத் திறந்தார். அதுவரை அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"மன்னிக்கணும். இதுல ஒண்ணும் இல்லீங்க. ஊர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஏழுங்கறதை அழிச்சிட்டுப் பதினொண்ணுன்னு போடணும். இப்பவே போட்டுடவா?"

பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பல்செட்காரர் மட்டும் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். போடுங்கம்மா, இப்பவே போடுங்க என்று கத்த வாயெடுத்தார். அதற்குள் தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, நான் பதிவு ஆபீஸ்ல இருந்தவன். ஒரு கையெழுத்துல முடியற வேலைதான் எல்லாமே. அது எனக்குத் தெரியாதா? அதை அப்பவே போட்டுக் குடுத்துட்டா ஜனங்களுக்கு அந்த வேலை மேல என்ன மரியாதை இருக்கும்? எங்க மேல என்ன மரியாதை இருக்கும்? நாலு தடவை அலைஞ்சு வாங்கின பத்திரத்தைத்தான் பீரோவுல பூட்டி வைப்பான். உடனே குடுத்தா மேஜை மேல போட்டுட்டுப் போயிடுவான். நாங்க இருக்கறது வேலையை முடிக்கறதுக்கு இல்லம்மா. அதுக்கு ஒரு கனம் குடுக்கறதுக்கு."

பலத்த கைதட்டல். ப்ரோக்ராமர் அம்மாவைச் 'சிறப்பு அழைப்பாளர்' ஆக்கிப் பாராட்டுத் தெரிவித்தார்கள். சிறப்பு அழைப்பாளருக்கு மைக் கிடையாது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் மகளின் அழைப்பு வந்தது. கூட்டம் நடக்கையில் வேறு அழைப்பை எடுத்தால் வெளிநடப்பாகக் கருதப்படும். "பொண்ணு கூப்பிடறா" என்று முனகினாரே தவிர, எடுக்கவில்லை. கூட்டம் முடிந்து கூப்பிட்டார்.

"அப்பா, பல்லு விழுந்துடுச்சு. அதுவாவே விழுந்துடுச்சு" என்றாள். அழவில்லை. "நீ வருவேன்னு இந்தப் பக்கமே கடிச்சேன். அப்படியும் விழுந்துடுச்சு."

மாவு அச்சில் எத்தனை ஆயிரம் பல் அடுக்கியிருப்பார்! சொந்த மகள் வாயில் ஒரு பல்லுக்கு இருக்க முடியவில்லையே. "பத்திரமா எடுத்து வெச்சியா?" என்றார்.

"ஏன்? திரும்ப ஒட்டவா போறே?" என்றாள். பிறகு, "அப்பா, ஒட்டகம் போனாப் போகட்டும். நீ வா" என்றாள்.

இதைக் கேட்டபிறகும் ஒரு மனிதன் அங்கே உட்கார்ந்திருப்பானா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் மூன்று மாதம் காத்திருந்தவனுக்கு இதோ முடிந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். இப்போது எழுந்துபோனால் காத்திருந்ததெல்லாம் வீண். காத்திருக்கக் காத்திருக்க அந்த வீணின் அளவும் கூடிக்கொண்டே போகும். பல்செட்காரர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் என்றோ பஸ் ஏறியிருப்பார்.

வீட்டு ஓனர் புதுக் குடித்தனக்காரர்களைக் கூட்டிவந்தார். கணவனும் மனைவியும் ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்தார்கள். துணைக்குழுக் கூட்டத்தில் இருந்த பல்செட்காரரின் தலைக்கு மேலாக டேப் போனது. "இவர் யாரு?" என்றாள் அந்தப் பெண். "போயிட்டே இருக்கார்" என்றார் ஓனர். ஒரு வாரத்தில் அவர்கள் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டார்கள். இவர் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டு அறைக்கே போனார். பகலில் வேலை, சாயங்காலம் அங்கேயே படுக்கை. அலமாரி நிறைய மாவுத் தாடைகள். எல்லாம் வாயைப் பிளந்தபடி இவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

முகவரி மாறியது லீக்கின் காதுக்கு எட்டி, வசிப்பு ஆய்வாளர் நேரில் வந்தார். அவர் பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவரும் ஓர் உரிமையாளர். ஏழாம் ஊர் எல்லைக்குள்தான் இவர் வசிக்கிறாரா என்று உறுதி செய்ய வேண்டுமாம்.

"டூத் பிரஷ்ஷைக் காட்டுங்க சார்" என்றார்.

காட்டினார்.

தொட்டுப் பார்த்தார். "ஈரம் இருக்கு. வசிக்கறீங்க." ஏதோ பாரம் இறங்கினாற்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். அலமாரித் தாடைகளைச் சுற்றிப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாருக்கும் இதுதான் விதி. நானே ஆறு வருஷமா ஒரு ராத்திரிகூட வெளியூர்ல தங்கினதில்ல."

"ஆறு வருஷமாவா?"

"எங்க அண்ணன் வெளியூர்ல இருக்கார். அவருக்குப் பேரன் பொறந்தான். ஃபோட்டோ அனுப்பினாங்க. நல்ல ஃபோட்டோ. அப்புறம் அண்ணனுக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. அப்போ சீசன் நடுவுல இருந்தோம் பாருங்க." கண்ணாடிக்காரர் ஒரு மாவுத் தாடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அந்த வருஷம் நாங்க ரெண்டாவது இடம்."

"அண்ணன்?"

"அதுக்கும் ஃபோட்டோ அனுப்பினாங்க" என்றவர், எழுந்து, கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்கப் பல்செட்காரருக்கு வேலை ஓடவில்லை. மெழுகு கையில் உருகி வழிந்தது. இரண்டு மேல்வரிசைகளில் பல்லை மாற்றி அடுக்கி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"திங்கக்கிழமை அந்த லேப்ல நீங்க சேரணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம். நாலு மாசம் கெஞ்சிக் கூத்தாடி வெச்சிருந்தேன், இனிமே என்னால முடியாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வீட்டு வாசல்ல நில்லுங்க. இல்லேன்னா இங்க வரவேண்டாம். நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸுல ஏறிடறேன்" என்றார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். டிக்கெட்டும் எடுத்துவிட்டார். பாயைச் சுருட்டிக் கயிறு கட்டினார். ஒட்டகம் அழிந்தால் அழியட்டும் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். கண் கலங்கியது, ஆனால் சொல்ல முடிந்தது.

சனிக்கிழமை மதியம் குழுவின் அவசரக் கூட்டம். ராஜினாமாவைச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று பையை மடியில் வைத்துக்கொண்டே திரைக்கு முன் உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தலைவர் முகமெல்லாம் சிரிப்பாக ஆரம்பித்தார்.

"பல்லு சார், உங்க பிரச்சினைக்கு வழி கண்டுபிடிச்சாச்சு! ஏழாம் ஊர் மக்களையும் விடமுடியாது, உங்களையும் கட்டிவைக்க முடியாது. அதனால கம்ப்யூட்டருக்குள்ள உங்களை மாதிரியே ஒரு உரிமையாளரை உண்டாக்கி, ஏழாம் ஊர்ல குடிவெச்சுடறோம். அணி அவர்கிட்ட இருக்கும். ஒட்டகத்துக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க எங்க வேணா போகலாம். இன்னியிலேர்ந்து நீங்க சுதந்திரம்!"

பல்செட்காரருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. ஒட்டகமும் பிழைத்தது, பஸ்ஸும் கிடைக்கும். "ரொம்ப நன்றிங்க சார், ரொம்ப நன்றி" என்று பையைத் தூக்கினார். அப்படியே திரையை மூடிவிட்டு ஓடியிருக்கலாம். சீட்டைத் தேடி உட்கார்ந்து, ஜன்னலோரம் தலையைச் சாய்த்திருக்கலாம்.

"ஒரு நிமிஷம். அந்த உரிமையாளரோட மார்க்கைக் குழு முன்னாடி வாசிச்சுடறேன். உங்க நடத்தையைப் பார்த்து, நாங்களே உட்கார்ந்து போட்டது." தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பொறுமை, இருபதுக்குப் பத்தொன்பது. கீழ்ப்படிதல், இருபது. முடிவெடுக்கற திறமை, ரெண்டு. குடும்பப் பாசம், மூணு."

பல்செட்காரர் பையைக் கீழே வைத்தார்.

"எத்தனைன்னு சொன்னீங்க?"

"மூணு. லீக் வரலாற்றுலயே இவ்ளோ கம்மியா யாருக்கும் வந்ததில்ல சார்!" தலைவர் பூரித்துப் போயிருந்தார். "நம்ம கண்ணாடிக்கடை சாருக்கே போட்டுப் பார்த்தோம், அவருக்கே அஞ்சு வருது. மனைவி, குழந்தை எல்லாம் அங்க. நாலு மாசமா ஒரு கூட்டத்துக்குக்கூட நீங்க லீவு கேட்கல. குழந்தை கூப்பிட்டப்போ போனை எடுக்காம உட்கார்ந்திருந்தீங்களே, அதை நான் திரையில பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். மெய்சிலிர்த்துப் போச்சு. லீக்குக்கு இப்படிப்பட்ட ஆளுங்கதான் வேணும். கை தட்டுங்க!"

தட்டினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் தன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கா மூணு?" பல்செட்காரர் எழுந்து நின்றுவிட்டார். "யாரைப் பார்த்து மூணுன்னு சொல்றீங்க? என் பொண்ணுக்காகத்தான் இந்த அணியே! அவ பேர் வெச்ச ஆளுக்காகத்தான் பாயில கிடந்தேன், இந்தத் தாடைங்களுக்கு நடுவுல படுத்தேன்! மூணு தப்பு. அதை மாத்துங்க."

"மார்க்கை எதிர்க்கறதுக்கு மறுபரிசீலனை உண்டு" என்றார் தலைவர் கனிவோடு. "நாளைக்குக் காலை பத்து மணிக்கே வெச்சுக்கலாம். நீங்க ஏழாம் ஊர்ல இருந்தபடி கலந்துக்கணும், அது விதி. குடும்பத்துலேர்ந்து ஒரு சாட்சி வேணும். உங்க வீட்டுக்காரம்மா போன்ல பேசினாப் போதும்."

திரையின் ஓர் ஓரத்தில் மைக் இல்லாத ப்ரோக்ராமர் அம்மா, போங்க, போங்க என்று இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருந்தார். பல்செட்காரர் அதைப் பார்த்தார். புரியவும் செய்தது. மணியையும் பார்த்தார். இப்போது கிளம்பினால் பஸ் கிடைக்கும். ஆனால் அந்தப் பஸ் போய்ச் சேருகிற நேரத்திலும், அதற்குப் பிறகு எத்தனையோ வருஷத்துக்கும், கம்ப்யூட்டருக்குள் இவர் சாயலில் ஒருத்தன் நெற்றியில் மூன்று என்று ஒட்டிக்கொண்டு ஏழாம் ஊரில் திரிவானே! அந்த மூன்றைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு மகள் முன்னால் போய் நிற்பது?

"வர்றேன் சார்" என்றார்.

பஸ் கிளம்பியிருக்கும் நேரத்தில் மனைவிக்குப் போன் போட்டார். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னணியில் மகள், "ஏறிட்டாரா? ஏறிட்டாரா?" என்று கேட்பது கேட்டது.

"ஒரே ஒரு நாள்மா. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஒரு விசாரணை இருக்கு. உங்க மேல எனக்கு எவ்ளோ பாசம்னு நிரூபிக்கணும். அது முடிஞ்சதும் அடுத்த பஸ். நீயும் ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லணும்."

மகளைப் பக்கத்து அறைக்குப் போகச் சொல்லிக் கதவைச் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனை போட்டாங்க?"

"இருபதுக்கு மூணும்மா. அநியாயம் இல்லையா?"

"ஆமா" என்றாள். "கூடப் போட்டிருக்காங்க."

போனை வைத்துவிட்டாள். பல்செட்காரர் உடனே திரும்பக் கூப்பிட்டார். நாளைக்கு விசாரணையில் மட்டும் தயவுசெய்து அதைச் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொள்ளத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.